அலகு

காலை ஏழு பத்து. பட்டர்வொர்த்திலிருந்து தஞ்சோங்.
வேகம் பன்னிரண்டு நாட் என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன்.
கேப்டன் ஸுல்கிஃப்லி கொட்டாவி விட்டார்,
அதை எழுதுவதில்லை.

நாட் என்றால் முடிச்சு.
கயிற்றில் முடிச்சுகள் போட்டுக் கடலில் விட்டு
மணல் வடிந்து தீர்வதற்குள்
கையிலிருந்து எத்தனை நழுவியது என்று எண்ணினார்களாம்.
வேகம் அவர்களுக்கு உள்ளங்கையில் எரிந்தது.
எனக்குத் திரையில் பச்சையாக வருகிறது.

ஒன்று புள்ளி எட்டு ஐந்து இரண்டால் பெருக்கினால்
மணிக்கு இருபத்திரண்டு புள்ளி இரண்டு கிலோமீட்டர்.
யாரும் கேட்கவில்லை. பழக்கம்.
வீட்டிலும் நான்தான் பெருக்குகிறேன், துடைப்பத்தால்.

அதே நேரம் தெற்கே, பாலத்தில், லோகேந்திரன்.
இரவெல்லாம் பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதித்துவிட்டு
மோட்டாரில் பிறைக்குத் திரும்புகிறான்.
பலகை எண்பது என்கிறது.
அவனும் எண்பது என்கிறான்.
நம்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எதிரெதிர் போகிறவர்களுக்குக் கூட்டல்.
நூற்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில்
நெருங்கி, ஒருவரையொருவர் காணாமல் கடந்து,
அதே வேகத்தில் விலகுகிறோம்
வாரத்தில் ஐந்து நாள்.
அவன் படுக்கும் பக்கம்
நான் விட்டுப்போன சூடு ஆறியிருக்கும்.

ஒருநாள் சும்மா
எண்பதை மூன்று புள்ளி ஆறால் வகுத்தேன்.
வினாடிக்கு மீட்டர் கணக்கில்
இருபத்திரண்டு புள்ளி இரண்டு.
மறுபடி வகுத்தேன். அதேதான்.
என் படகின் எண்.

போன் போட்டேன்.
"நாம ரெண்டு பேரும் ஒரே வேகம், தெரியுமா?"
தூக்கக் குரலில் கேட்டான்:
"அலகு?"

அலகு என்றால் எனக்கு முதலில் தைப்பூசம்.
தண்ணீர்மலைக்கு ஏறும் கூட்டத்தில்
கன்னம் துளைத்துப் போகும் வெள்ளி.
எண்ணுக்கும் அப்படித்தான் போல.
குத்தாத வரைக்கும்
அது வேண்டுதல் இல்லாத வெறும் முகம்.

போன மாதம் ஒரு செவ்வாய்.
சுமத்ராப் பக்கம் வானம் ஈயமாகி இறங்கியது.
என் திரையில் காற்று இருபத்து நான்கு.
அவன் செய்தி அனுப்பியிருந்தான்:
"போன்ல பன்னெண்டுதான் காட்டுது. கிளம்பிட்டேன்."

பன்னிரண்டு.
அவன் போன் வினாடிக்கு மீட்டரில் பேசும்.
அவன் மணிக்குக் கிலோமீட்டரில் படிப்பான்.
பன்னிரண்டு என்றால் மீன் வலை காய்கிற காற்று.
அது நாற்பத்து மூன்று, லோகேன்,
அது என் இருபத்து நான்கு,
மூன்றும் ஒரே காற்று என்று
தட்டிக்கொண்டிருந்தேன்.
ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.

தண்ணீருக்கு மேல் பாலம் எட்டு புள்ளி நான்கு கிலோமீட்டர்.
எண்பதில் ஆறு நிமிடம், பதினெட்டு வினாடி.

ஆறு நிமிடம் போனது.
படகு கரை தொட்டது, ஆட்கள் இறங்கினார்கள்,
ஒரு பெண் குடையை மறந்து திரும்பி ஓடிவந்தாள்.
திரும்பிப் புறப்பட்டோம்.
எழுத வேண்டிய வேகங்களை எழுதினேன்.
எழுத்து கோணிக்கொண்டது, படகு ஆடியதால்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டான்.
"நடுப்பாலத்துல இறங்கிட்டேன்.
அங்கிருந்து தள்ளிக்கிட்டே வந்தேன்."
"எவ்வளவு நேரம்?"
"முக்கால் மணி இருக்கும். பின்னாலிருந்து காத்தும் தள்ளுச்சு.
நீ பசியாறிட்டியா?"

பசியாறவில்லை.
பாதிப் பாலம் நான்கு புள்ளி இரண்டு.
முக்கால் மணியால் வகுத்தால்
மணிக்கு ஐந்து புள்ளி ஆறு கிலோமீட்டர்.
அதை ஒன்று புள்ளி எட்டு ஐந்து இரண்டால் வகுத்தேன்.
தசமத்தில் கொஞ்சம் மிஞ்சியது, தள்ளிவிட்டேன்.

மூன்று.
மூன்று முடிச்சு.

கழுத்தில் அது வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
அவனிடம் சொல்லவில்லை,
சொன்னால் சிரிப்பான்.

மறுநாள் கேப்டன் குறிப்பேட்டைப் புரட்டி
ஓரத்தில் விரல் வைத்தார்.
"எட்டு மணிக்கு மூன்று நாட்டா?
படகு எப்போது அவ்வளவு மெதுவாகப் போனது?"

படகு இல்லை என்றேன்.